வெந்நீர்க் கடலும் என் அத்தானும்

சுவிஸின் லாங்கன்தாலிலிருந்து அக்கா குடும்பத்தோடு போர்த்துக்கலின் அசோரஸ் தீவுகளுக்குப் போயிருந்தோம். அங்கே எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, கடலுக்குள்ளேயே வெந்நீர் ஊறும் குளம் ஒன்று இருக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் இறங்க வேண்டாம் என்று பலகையில் எழுதியிருந்தது. அக்காவின் கணவரான அத்தானுக்கு வாசிக்கும் பழக்கமில்லை.

"யாழ்ப்பாணத்துக் கீரிமலையில நீந்தின எனக்கு இதெல்லாம் ஒரு கடலோ? வாங்கோ மச்சாள்!" என்றார்.

நானும் மடைச்சி மாதிரி இறங்கினேன். பெரிய அலையொன்று இருவரையும் பாறையில் அடித்தது. வீரர் என் தோளை மிதித்து முதலில் கரையேறினார்.

"அத்தான், கையைத் தாங்கோ!" என்று கத்தினேன். அவர் தன் கறுப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காதான் குளியல் துவாயை வீசி என்னை இழுத்தெடுத்தாள்.

இப்போது சுவிஸ் திரும்பி, திரிம்பாக் ஊர்க் கோவிலில், என்னைக் காப்பாற்றியதாக அவர் கதைத்துத் திரிகிறார். நானோ எந்தப் பலகையையும் முழுதாக வாசிக்கிறேன். அத்தான் இறங்கும் தண்ணீரில் கால்கூட நனைப்பதில்லை.