ரோடு துவைத்த துணி

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மகள் ஜெனிபர் மஞ்சக்குப்பத்தில் வீடு எடுத்து எங்களை அழைத்துக்கொண்டபோது வாங்கியது. சமையல்கட்டு மூலையில் நின்றுகொண்டு, வேலை முடிந்ததும் பாட்டுப் பாடும். துணி துவைத்ததற்கு ஒரு பாட்டு எதற்கு? அந்தச் சமையல்கட்டும் எனக்குப் பிடிக்காது. நல்லதாக ஒரு வெளிர் மஞ்சள் அடிக்காமல், கண்ணைக் குத்துகிற மாதிரி நீலம் அடித்து வைத்திருக்கிறாள். வேறு கலரே கிடைக்கவில்லையா என்று அன்றைக்கே திட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஞானப்பிரகாசம். நைட்டி, லுங்கி, துண்டு வியாபாரம். கடையெல்லாம் கிடையாது, ஒரு பழைய வேன்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஊர் ஊராக மைக் போட்டு விற்றவன். பெரிய ஆள் இல்லை. ஆனால் துணி துவைக்கிற விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெனிபருக்குச் சிதம்பரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது, வீட்டு வாடகை, ஹாஸ்டல் ஃபீஸ் இரண்டையும் எங்களால் இழுக்க முடியவில்லை. என் மனைவி ஆரோக்கிய ராணி அதிகம் யோசிக்கிறவள் இல்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாள். சுவரில் இருந்த மாதா படத்தை வேனுக்குள் ஆணி அடித்து மாட்டினாள். ஸ்டவ், இரண்டு குடம், ஒரு பாய், அவ்வளவுதான் குடித்தனம். அவள் போட்டது ஒரே நிபந்தனை.

“புள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா அன்னிக்கே பொட்டியத் தூக்கினு வந்துடுவா.”

எனக்கும் அதுதான் பயம். ஜெனிபர் அப்படிப்பட்ட பெண்தான். அதனால் வீட்டில் மராமத்து நடக்கிறது என்று சொல்லி, லீவுக்கு அவளை என் மச்சான் வீட்டுக்கு அனுப்பினோம். மூன்று வருஷம் முடியாத மராமத்து. எந்த முட்டாளும் நம்ப மாட்டான், ஆனால் அவள் நம்பினாள் என்று நான் நம்பினேன்.

ஹாஸ்டலில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆளுக்கு இத்தனை பக்கெட் என்று கணக்கு. அதனால் பிள்ளைகள் அழுக்குத் துணியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். பெற்றோர் உள்ளே வந்து பார்ப்பது மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான். மற்ற ஞாயிறுகளில் துணிப்பை மாற்றிக்கொள்ள மட்டும் கேட் அருகே பத்து நிமிஷம் விடுவார்கள். பூசை முடிந்ததும் நாங்கள் இஸ்திரி போட்ட வெள்ளை யூனிஃபார்மோடு போய் நிற்போம். அவள் அழுக்குப் பையோடு வருவாள்.

வேனில் இருந்துகொண்டு ஆறு வெள்ளை யூனிஃபார்ம் துவைப்பது லேசான காரியமில்லை. முதல் இரண்டு மாதம் ராணி கண்ட இடத்தில் உட்கார்ந்து கையால் கசக்கினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். மூடி இறுகப் பிடிக்கிற நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கினேன். பாதிக்குத் தண்ணீர், சோப்புத் தூள், துணி. மூடியைத் திருகி, வேனின் பின்பக்கம் கயிற்றால் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் புறப்பட்டால், பு.முட்லூர் தாண்டிப் புதுச்சத்திரம் வருவதற்குள் ரோடே துவைத்துக் கொடுத்துவிடும். அன்றைய ரோடு அப்படி. பள்ளத்துக்கு நடுவில்தான் கொஞ்சம் தார் இருக்கும். ஊரெல்லாம் அந்த ரோட்டைத் திட்டியது, நான் ஒருவன்தான் வாழ்த்தினேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ரோட்டை ஒட்டிக் கொளஞ்சியப்பன் என்கிற விவசாயியின் பம்பு செட். த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்துப் போவோம். தொட்டியில் அலசி, வேனுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கயிறு கட்டிக் காயப்போடுவோம். காயப்போட்ட நைட்டியை விற்கிற நைட்டி என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. ஒருநாள் நான் மும்முரத்தில் ராணியின் பச்சை நைட்டியை ஒரு அம்மாளுக்கு விற்றே விட்டேன். ஈரமாக இருக்கிறதே என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, புதுத்துணி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ராணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பம்பு செட் கொட்டகையில்தான் கொட்டாங்குச்சிக் கரி போட்டு இஸ்திரி போடுவாள். அந்த நேரத்தில் சும்மா ஒரு பாட்டு முணுமுணுப்பாள். வீடில்லாத அந்த நாட்களில்தான் அவள் அதிகம் பாடினாள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஒரு குறை மட்டும் இருந்தது. காலர் அழுக்கு சரியாகப் போகவில்லை. டிரம்முக்குள் இரண்டு ரப்பர் பந்து போட்டுப் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அதிசயம் நடந்தது. டிரம்மைத் திறந்தால் தண்ணீரில் அழுக்கே இல்லை, துணி மட்டும் பளிச்சென்று இருந்தது. அழுக்கு எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை. பந்தின் மகிமை என்று முடிவு கட்டிவிட்டேன். கொளஞ்சியப்பனிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், ஹாஸ்டல் கேட்டில் ஜெனிபரிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

அவளிடம் சொல்ல வேறு பொய்கள் இருந்தன. அந்தப் பத்து நிமிஷமும் நான் மராமத்தைப் பற்றியே அளப்பேன். ஓடு மாற்றியாயிற்று, தரை பூசியாயிற்று, சமையல்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறோம் என்று. அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்பாள்.

படித்து முடித்தாள், வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வீட்டை விட்ட கதையைச் சொன்னோம். சரிப்பா என்றாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் மெஷின் படுத்துவிட்டது. மெக்கானிக் மூன்று நாள் ஆகும் என்றான். ஜெனிபரின் யூனிஃபார்ம் குவிந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சிதம்பரத்தில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு மூன்று பேரும் போகவேண்டியிருந்தது. மொட்டை மாடியில் கிடந்த டிரம்மை இறக்கினேன். பந்து இரண்டும் பத்திரமாக இருந்தன. அதே வேனில், அதே மாதிரி கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக மெஷின் கம்பெனிக்காரனையெல்லாம் கிண்டல் செய்துகொண்டு போனேன்.

ரோடு இப்போது நாலு வழிச்சாலை. வேப்பமரம் ரோட்டுக்குள் போய்விட்டது. பம்பு செட் மட்டும் தள்ளி இருந்தது. கொளஞ்சியப்பன் நரைத்த மீசையோடு, “வா மச்சான், டிரம்ம வுடலியா நீ” என்று வரவேற்றார். நான் மூடியைத் திறந்தேன். தண்ணீர் சாக்கடை மாதிரி கறுத்திருந்தது. காலர் அழுக்கோ போட்டது போட்டபடி இருந்தது.

ரோடு வழவழவென்று இருந்தால் துணி எப்படித் துவைபடும் என்று நான் கத்த ஆரம்பித்தேன். ஜெனிபர் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஈரக் காலரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

முதல் வருஷம், ஆலப்பாக்கம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பயிற்சிக்காக அவர்களை பஸ்ஸில் அழைத்துப் போயிருக்கிறார்கள். இந்த இடத்தில் எங்கள் வேனைப் பார்த்திருக்கிறாள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஓ.டி. வீட்டு மாதா படம், கீழே ஸ்டவ். கயிற்றில் அவளுடைய ஆறு யூனிஃபார்ம். ராணி கீழே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாளாம். அந்த வாரத்திலிருந்து தன் குளிக்கிற பக்கெட்டில் பாதியை மிச்சம் பிடித்து, துணியைத் துவைத்துக் காயவைத்து, கசக்கி, அழுக்குப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

கிட்டத்தட்ட மூன்று வருஷம் சுத்தமான துணியை இருபது கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ராணியைப் பார்த்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“எனக்கு மொத வாரமே தெரியும். வேற சோப்பு வாசன அடிச்சுது. நீங்க அந்தப் பந்த வச்சிக்கினு அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க, எப்பிடிச் சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். துவைத்ததுதான் துவைத்தாய், அப்புறம் எங்களிடம் எதற்கடி கொடுத்தாய் என்று ஜெனிபரைக் கேட்டேன்.

“துணி குடுக்கலன்னா கேட்டுல உங்களப் பாக்க வுட மாட்டாங்களேப்பா.”

அழுகையை மறைக்கத் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். அப்படியானால் கேட்டில் நின்று நான் அளந்த மராமத்துக் கதையெல்லாம் தெரிந்தேதான் கேட்டாயா என்று கேட்டேன்.

அவள் காலரைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “சமையகட்டுக்கு என்னா கலருன்னு ஒருநாள் கேட்டேன். நீலம்னு சொன்னீங்க.”