தட்டை மலைக்கு ஒரு சொல்

எழுபத்தாறில் சிட்னியில் வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். கொழும்பில் நில அளவை படித்துவிட்டு வந்த எனக்குக் கிடைத்தது, மற்றவர்கள் எழுதித் தருவதை மையில் பிரதி எடுக்கும் வேலை. ஒரு படத்தின் ஓரக் குறிப்புகளை நானே எழுதிக் காட்டினால் மேல் பிரிவுக்கு மாற்றுவதாக மேலாளர் சொன்னார்.

உட்பாலைவனத்தின் படம் அது. உச்சியைக் கத்தியால் சீவிவிட்டது போன்ற குன்றுகள் அதில் நிறைய. அவற்றுக்கு 'மேசா' என்று போட்டு, 'ஸ்பானிய மொழியில் மேசை. மூலம் லத்தீன்' என்று எழுதினேன்.

"அது அமெரிக்கச் சினிமாச் சொல். உனக்கு யார் இதைச் சொன்னது?" என்றார் மேலாளர்.

"எங்கள் வீட்டிலும் மேசை என்றுதான் சொல்லுவோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் அப்படி வந்தவைதான்."

"நீங்கள் தரையில் இருந்துதானே சாப்பிடுவீர்கள்? மேசை எதற்கு?"

அறை முழுக்கச் சிரித்தது. நான் எழுதியது சரி. அகராதி அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. இதில் எதற்கு முதலில் கோபப்படுவது?

பின்னேரம் அவர் அகராதியைத் திரும்பிப் பார்த்திருப்பார் போல. என் தாள் மை போடுவதற்காக என்னிடமே வந்தது. குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'எழுதியவர்' என்ற கட்டத்தில் மட்டும் அவருடைய முதலெழுத்துகள் இருந்தன.

ஸ்ட்ராத்ஃபீல்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரியிடம் சொன்னேன்.

"விடு பிள்ளை. அவர் தன்ர பேரைப் போட்டா உன்ர சம்பளம் குறையுமே?"

"என்ர எழுத்துக்கு அவர் எப்பிடி அன்ரி பேர் போடலாம்?"

"ஓம், ஓம். போய்ச் சண்டை பிடி. பிறகு வீட்டில இருந்து எனக்கு வெங்காயம் உரி."

மறுநாள் முழுப் படத்துக்கும் மை போட்டேன். 'எழுதியவர்' கட்டத்தில் அவருடையதற்குப் பதிலாக என் முதலெழுத்துகளை எழுதினேன்.

"இது பிழை. சுரண்டு" என்றார் மேலாளர். மையில் பிழை வந்தால் சவர அலகால் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் வழக்கம். என் அலகை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பிழை என்றால் நீங்களே சுரண்டுங்கள்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அவர் அலகைத் தொடவும் இல்லை. படம் என் எழுத்துகளோடே அச்சுக்குப் போனது.

மேல் பிரிவுக்கு மட்டும் என்னை மாற்றவில்லை. காரணம் கேட்டேன். குறிப்புகள் நன்றாகத்தான் இருந்தனவாம். என் குணம்தான் சரியில்லையாம்.