சும்மா இருக்கும் பரீட்சை

கமலநாதன் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவன். ஜொகூரில், தம்போய் வீட்டிலிருந்து காலை நாலரைக்குக் கிளம்புவான். எல்லைப் பாலத்து நெரிசலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும், நுழைந்துவிடுவான். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீடு திரும்ப இரவு எட்டாகும். அவன் மோட்டார் இதுவரை ஏறிய மிக உயர்ந்த இடம், வேலை செய்யும் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக் கார் நிறுத்தம்தான். இப்படிப்பட்டவனுக்கு லடாக் ஆசை வந்தது.

ஆசையைக் கிளப்பியவன் நான். என் பெயர் முனீர். தம்போயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கூட்டமாக லடாக் போனோம். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள கணவாயில், நண்பர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன். நண்பர்கள் என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். அதில் நான் இல்லை. விமானத்தை விட்டு இறங்கிய அன்றே, எனக்கென்ன என்று லே நகரக் கடைத்தெரு முழுக்கச் சுற்றினேன். மறுநாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் இந்த முறை என்னோடு சேர்த்துப் போகிற ஆறு பேருக்கும் என்னைத் தலைவனாக்கினார்கள்.

நாதனின் தயாரிப்பில் குறை சொல்ல முடியாது. டாக்டரிடம் போய் இரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் பார்த்துக்கொண்டான். அங்கே வாடகைக்கு எடுக்கப்போகும் மோட்டாரின் பிரேக்கை எப்படிச் சோதிப்பது என்று மனப்பாடம் செய்தான். தடித்த ஜாக்கெட்டும் முட்டிக் கவசமும் வாங்கியவன், உடம்புக்குப் பழகட்டும் என்று பட்டப்பகலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு என் கடைக்குத் தே தாரிக் குடிக்க வந்தான். ஜொகூர் வெயிலில் ஆள் அரைமணியில் வெந்துபோனான். ஒரே நேரத்தில் மூன்று கிளாஸ் ஐஸ் தண்ணீர் கேட்ட வாடிக்கையாளரை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நான் எழுதிய பட்டியலில் முதல் வரியே அவனுக்கு ஒத்து வரவில்லை. லேயில் இறங்கியதும் இரண்டு நாள் முழு ஓய்வு. தண்ணீர் குடி, படு, உட்கார், வேறு ஒன்றும் செய்யாதே. தலை வலித்தால் மறைக்காமல் சொல். காற்று குறைந்த இடத்துக்கு உடம்பு பழக வேறு வழி கிடையாது.

“பாய், இதெல்லாம் ஒரு ஐட்டமா? தெனம் ரெண்டு மணி நேரம் ஜாம்ல நிக்கிறேன். சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?”

“தெரியும்னா வீட்டுல காட்டு லா. ஒரு சனி, ஞாயிறு. உன் சம்சாரம் பிரேமலா பார்த்துச் சொல்லட்டும். ஃபெயிலானா உன் பேர எடுத்துருவேன்.”

பாவம், முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கணவாயில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான் வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. மூச்சு கிடைக்காமல் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கே அவன் மனைவி பிரேமலாவிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, உங்க ஆளு இப்ப பக்கத்து வீட்டுக் கூரை மேல இருக்காரு.”

பக்கத்து வீட்டு செல்லப்பனின் தகரம் ஒழுகுகிறதாம். அவர்தான் கூப்பிட்டார் என்று நாதன் சாதித்தான். செல்லப்பனிடம் கேட்டேன். “யாரு கூப்பிட்டா? நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். மேல டமடமன்னு சத்தம், கொரங்குன்னு நெனச்சேன்” என்றார். கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. போகிறவர் வருகிறவரெல்லாம் அவனிடம் கூரைக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன். இரண்டு நாளும் போன் வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் நானே போய்ப் பார்த்தேன். கூடத்து நாற்காலியில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தான். ஆனால் தேறியவன் முகமாக இல்லை.

“பாஸ் லா, நாதன்! இன்னும் என்னா?”

அவன் மாடிப்படியைக் காட்டினான். பிரேமலா இறங்கி வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, பக்கவாட்டில் இறங்கினாள்.

“நேத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், பாய். முட்டி வலியாம். ரெண்டு வருஷமா இருக்காம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னேங்க” என்றாள் பிரேமலா. கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் நீங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு இருந்தீங்க.”

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

அவள் உள்ளே தேநீர் எடுக்கப் போனதும் நாதன் மெதுவாகச் சொன்னான். “பெரிய ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர பார்க்கணும், பாய். நான் கூட்டிட்டுப் போகணும். ஆனா லீவு பூராவையும் டிரிப்புக்குப் போட்டாச்சு. அதுல ஒரு நாள் வெட்டணும்.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஓய்வு நாளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கப் போகிறான். எல்லாரும் கை வைக்கிற இடம் அதுதான். முடியாது என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“கடைசி நாள்தானே அந்த உச்சிக் கணவாய்? அன்னைக்கு நான் ஊருக்கு பிளேன் ஏறிடுறேன். நீங்க அஞ்சு பேரும் போயிட்டு வாங்க.”

“நாதன், நீ வர்றதே அதுக்குத்தானே?”

“ஆமா” என்றான். “ரெஸ்ட் ரெண்டு நாள மட்டும் வெட்டாதீங்க பாய். நான் முழுசா திரும்பி வரணும்.”

பிரேமலா தேநீர்த் தட்டோடு வந்தாள். பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். “டாக்டர்கிட்ட நான் தனியாவே போயிக்குவேன். நீங்க போயி அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க” என்றாள்.

நாதன் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டு, தான் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

“மொதல்ல நீ உக்காரு” என்றான்.