இருபத்தோரு பேருக்கு வகுபடாது

வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சோடி சோடியாக எண்ணி, தன் சோடியையும் சேர்த்துக்கொண்டுதான் நூர்நிஷா உள்ளே வருவார். "இருபத்தொண்ணு. யாரும் ஓத ஆரம்பிக்காதீங்க."

கோட்டைப்பட்டினத்தில் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் பெண்கள் கூடி, நபி மீது வாழ்த்துச் சொல்லும் நாரிய்யா ஸலவாத்தை நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு முறை ஓதுவார்கள். பங்கு பிரிப்பது நூர்நிஷா. அந்த எண்ணின் குணம் அவருக்குத் தன் மாமியார் குணத்தைவிட நன்றாகத் தெரியும். மூன்று, ஐந்து, ஏழு எதற்கும் ஒத்துவராது. பதினோரு பேர் என்றால் கச்சிதம். ஆனால் தலைக்கு நானூற்று நாலு, தொண்டை காய்ந்துவிடும். இருபத்திரண்டு பேர் என்றால் இருநூற்று இரண்டு. அதை விட்டால் நாற்பத்து நாலு பேர். அதற்கும் மேலே நூற்றொரு பேர் வேண்டும். மண்டபம்தான் பிடிக்க வேண்டும். மிச்சம் விழுந்தால், "அவ ஓதிருப்பா" என்று ஆளுக்கு ஆள் சும்மா இருந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. நம் பெண்களைப் பற்றி அவர் சொல்வதில் தப்பில்லை.

இன்று கூடியிருப்பது பாசிலா வீட்டில். அவள் புருஷன் ரிஃபாய் நேற்று விடியலில் கடலுக்குப் போனவன். வள்ளம் இன்னும் திரும்பவில்லை. தேடிப் போன படகுகளிடமிருந்தும் தகவல் இல்லை.

"நானும் ஓதுறேன் மாமி," என்றாள் பாசிலா.

"நீ அழு புள்ள. அழுதுக்கிட்டே எண்ணுனா கணக்குத் தப்பும்."

சாக்கடைத் தகராறில் தன்னோடு பேச்சை விட்டிருந்த எதிர்வீட்டு ஹஃப்சாவின் கதவை நூர்நிஷாவே போய்த் தட்டினார்.

"என்னையவா கூப்புடுறீங்க?"

"ஒன்னய யாரு கூப்புட்டா? இருபத்திரெண்டாவது ஆளக் கூப்புடுறேன்."

ஹஃப்சா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். தலைக்கு இருநூற்று இரண்டு புளியங்கொட்டை. ஒருமுறை ஓதினால் ஒரு கொட்டை இடமிருந்து வலம் போகும்.

பாதி நகர்ந்திருக்கும். பாசிலாவின் போன் அடித்தது. தேடிப் போயிருந்த அவள் தம்பி பாசித் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "லாத்தா! மச்சான் கெடச்சுட்டாரு! இஞ்சின் படுத்திருச்சாம். மீமிசல்ல கரையேத்திட்டோம், நல்லாருக்காரு!"

பாசிலா ஓடினாள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும், யார் செருப்பை யார் மாட்டுகிறோம் என்று பார்க்காமல். உட்கார்ந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

"ஆளுதான் வந்தாச்சே," என்றாள் ஹஃப்சா, எழுந்திருக்காமல்.

ஓதாமல் கிடந்த கொட்டைகளை எல்லாம் நூர்நிஷா நடுவில் கூட்டினார். குவியலை உள்ளங்கை விளிம்பால், எண்ணாமலே, இரண்டாகக் கீறினார். பெரிதாகத் தெரிந்த பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.