மெத்தைக் கடைக் கணக்குப்பிள்ளை

ஓடிப்போனாளாம்! யார் சொன்னது? எதிர்க்கடை பேக்கரிக்காரர்தானே? அவர் சொன்னால் தலையாட்டுவதற்கென்றே இந்தத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். என் மருமகள் எங்கேயும் ஓடவில்லை. ஓடக்கூடிய உடம்பும் இல்லை அவளுக்கு. பட்டப்பகலில், கடை வாசல் வழியாக, நடந்துதான் போனாள். அன்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மாமியார் நானே சொல்கிறேன். மருமகளுக்காக மாமியார் சொல்கிற சாட்சியையே நம்பவில்லை என்றால் வேறு எதைத்தான் நம்புவீர்கள்?

எங்கள் வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. முன்னால் என் மகனுடைய மெத்தைக் கடை, பின்னால் நாங்கள். வெளியே போகிற எவரும் மெத்தைகளுக்கு நடுவே புகுந்துதான் போகவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் தெருவே பார்க்கும். கடைக்கு வந்தவர்கள் படுத்துக்கொண்டே பார்ப்பார்கள்.

அவள் கல்யாணமாகி வந்தபோது கடைக் கணக்கு முழுவதும் ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. பஞ்சு வாங்கிய ரசீது, மின்சார பில், பல்வலிக்கு மருந்து வாங்கிய சீட்டு எல்லாம் அதற்குள்தான். வருஷக் கடைசியில் மகன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடிட்டரிடம் போவான். இவள் அதைத் தரையில் கொட்டி, கடைக்கு ஒரு குவியல், வீட்டுக்கு ஒரு குவியல் என்று பிரித்தாள்.

"ரெண்டுலயும் சேராத சீட்டு நிறைய இருக்கே, இதெல்லாம் என்னங்க?"

"அதெல்லாம் நண்பர்கள்," என்றான் என் மகன்.

இதைக் கேள்விப்பட்டுத் தெருவிலிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக இவளைத் தேடி வந்தார்கள். மெத்தைமேல் உட்கார்ந்து கஷ்டத்தைச் சொல்வார்கள். பாதியில் சிலர் சாய்ந்துவிடுவார்கள். தையல்காரர் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சம்பந்தி வந்தா லாபம் தெரியற மாதிரி ஒண்ணு, மச்சான் கடன் கேட்டு வந்தா நஷ்டம் தெரியற மாதிரி ஒண்ணு. ரெண்டா போட்டுக் குடும்மா."

"ஒரு கடைக்கு ஒரு கணக்குதாண்ணே. வர்ற ஆளைப் பொறுத்து மூஞ்சியை வேணா மாத்திக்குங்க."

அவரும் மூஞ்சியை மாற்றிக்கொண்டுதான் போனார்.

அவள் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் ஒரு சட்டம் போட்டிருந்தாள். கல்லாவிலிருந்து முதலாளியே பணம் எடுத்தாலும், எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். பேக்கரிக்காரரின் மனைவி அதைத் தன் கடையிலும் கொண்டுவந்தார். பேக்கரிக்காரருக்கு எழுதத் தெரியும். எதற்கு எடுக்கிறோம் என்பதுதான் தெரியாது. அதனால் ஒவ்வொரு சீட்டிலும் 'சும்மா' என்று எழுதிப் போட்டார். இவளும் விடவில்லை. மாவு, சர்க்கரை, வாடகை என்று வரிசையாக எழுதி, அதற்குக் கீழே 'சும்மா' என்று ஒரு செலவுத் தலைப்பே போட்டுவிட்டாள். வருஷம் முடிந்து கூட்டிப் பார்த்தால் மாவுச் செலவைவிடச் சும்மாச் செலவு அதிகம்.

"ஏங்க, நாம ரொட்டிக் கடை நடத்துறோமா, சும்மாக் கடை நடத்துறோமா?" என்று அந்த அம்மாள் கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டது. அன்றைக்கே கல்லாச் சாவி கை மாறிவிட்டது. அன்றிலிருந்துதான் பேக்கரிக்காரருக்கு என் மருமகளின் நடத்தையைப் பற்றி இவ்வளவு கவலை.

அவருடைய மனைவியோ பேக்கரிக்கு மேலே காலியாகக் கிடந்த அறையை இவளுக்கே தருவதாகச் சொன்னார். "எத்தனை நாளைக்கு மெத்தையில உக்காந்து கணக்குப் பாப்ப? மேல வந்து உன் பேர்ல போர்டு மாட்டும்மா." இவளுக்கும் கொள்ளை ஆசை. தனக்கென்று ஒரு மேஜை, தனக்கென்று ஒரு கதவு. ஆனால் சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆடிட்டர் என் மகனுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். வீட்டு ஆள் யாருக்காவது சம்பளம் கொடுப்பதாக எழுதினால் லாபம் குறையும், வரியும் குறையும் என்று. மகன் உடனே பெண்டாட்டியைக் கணக்காளராக எழுதிக்கொண்டான். வேலையை அவள் நிஜமாகவே செய்தாள். சம்பளம்தான் காகிதத்தில் வந்து காகிதத்திலேயே போய்விட்டது. வீட்டுக்குள்தானே என்று அவளும் வருஷா வருஷம் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டாள். ஒரு வருஷம் சம்பள உயர்வுகூடக் கொடுத்தான், மகராசன்.

இந்தத் தடவை அவன் தாளை நீட்டியபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"நாளைக்குப் போர்டு மாட்டிட்டு நாலு பேர் கணக்குல கையெழுத்துப் போடப்போறவ நான். இங்க வாங்காததை வாங்கினேன்னு எழுதிட்டு, அங்க போய் எந்த மூஞ்சியோட ஒருத்தரைக் கேள்வி கேப்பேன்? ஒண்ணு சம்பளத்தைக் குடுங்க, இல்லாட்டி என் பேரை அடிச்சிடுங்க."

மகன் என் பக்கம் திரும்பினான். "புருஷன்கிட்ட சம்பளம் கேக்கிறவளை எங்கயாவது பாத்திருக்கியாம்மா?"

"குடுக்காமலே குடுத்தேன்னு எழுதுற புருஷனை இப்பத்தான்டா பாக்கிறேன்."

"வெறும் பேப்பர்தானேம்மா!"

"பேப்பர்தாங்க என் தொழில்," என்றாள் அவள். "மெத்தைக்குள்ள பஞ்சுக்குப் பதிலா குப்பையை அடைப்பீங்களா நீங்க?"

மகன் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், கடை நடக்கவேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு வேறு யோசனை வந்தது. "அப்ப உன் பேர்ல போட்டுக்கிறேம்மா. ராத்திரிக் காவலுக்குன்னு. ஒரு கைநாட்டு வை."

எனக்குப் படிக்கத் தெரியாதுதான், அதற்காக? "பேஷா வைக்கிறேன். இந்தக் கையில பணத்தை வை, அந்தக் கையால நாட்டு வைக்கிறேன்."

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. கடையில் வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து கத்தினான்: "கையெழுத்துப் போடாதவளுக்கு இந்தக் கடையில வேலை இல்ல!"

"சரிங்க, முதலாளி," என்றாள்.

கால்குலேட்டர், மூக்குக்கண்ணாடி, ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். நாற்காலி அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதையும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் நான் முன்னால் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். எதிரே பேக்கரிக்காரர் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டில் வைக்க மறந்து நின்றார்.

நடுவிலிருந்த இரட்டை மெத்தையில் ஒரு ஆள் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் கடந்து போகும்போது தலையை நிமிர்த்தி, "அக்கா, இது என்ன விலை?" என்று கேட்டார்.

"ஓனரைக் கேளுங்க தம்பி. நான் இங்க வேலை செய்யல," என்று சொல்லிவிட்டு என் மருமகள் வெளியே போனாள்.