மாதாவின் கழுத்தில் செம்புக் கம்பி

சண்டை முடிந்த பிறகு எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவுக்கு வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு பலகையில் கடல்மேல் பாய வந்தார்கள். அவர்கள் தங்கும் விடுதியில் நான் சமைத்தேன். காற்று விழுந்த ஒரு கிழமை, பாய முடியாமல் சலித்துப்போன பெண்ணொருத்தி எனக்குக் கம்பி வளைத்து நகை செய்யப் பழக்கினாள். போகும்போது மூக்கு உருண்ட சின்னக் குறடொன்றையும் தந்துவிட்டுப் போனாள். அன்றோடு என் சொந்தக்காரரின் நிம்மதி போனது.

பழைய கரண்ட் வயரை உரித்தால் செம்புக் கம்பி வரும். அதைச் சுருட்டி, கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பி கோத்து, தோடு, காப்பு, மோதிரம் என்று செய்து தள்ளினேன். பிறந்தநாளோ முதல் நற்கருணையோ, காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போவதோ, எதற்கும் என் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. வாங்கிய எல்லோரும் "நல்ல வடிவு" என்றார்கள். ஒருத்தியும் போடவில்லை. எங்கள் கரையில் பூசைக்குப் போகும் பெண்ணின் கழுத்தில் தங்கம் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் தங்கம் மாதிரியாவது மினுங்க வேண்டும். செம்பு கிடந்தால், "ஐயோ பாவம், உள்ளதெல்லாம் அடகில போல" என்று பூசை முடிய முன்னமே ஊர் கதை கட்டிவிடும்.

மற்றவர்களை விடுங்கள். என் அக்கா ஒருத்தி போட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. சின்ன வயதிலிருந்து நான் செய்த எதையும் அவள் நல்லதென்று சொன்னதில்லை. என் மீன்குழம்பில் அவளுக்கு இன்றுவரை உப்புக் காணாது. அவளுக்கென்று விரல் நுனியெல்லாம் கிழிய, அலை அலையாக ஒரு மாலை செய்து கொடுத்தேன்.

"நல்ல நாளாப் பாத்துப் போடுறன்" என்றாள்.

நத்தார் வந்தது, உயிர்த்த ஞாயிறு வந்தது, மச்சாள் ஒருத்தியின் கலியாணமும் வந்தது. ஒன்றும் அக்காவுக்கு நல்ல நாளாகத் தெரியவில்லை.

எங்கள் சின்னக் கோயில் திருவிழாவில்தான் மாலையைக் கண்டேன். மாதாவின் கழுத்தில் கிடந்தது. மாதாவின் கையில் என் காப்புகள், காலடியில் என் தோடுகள். போடவும் மனமில்லை, எறியவும் மனமில்லை என்று ஆளுக்காள் கொண்டுபோய்க் காணிக்கை வைத்திருந்தார்கள். மாதாவா வேண்டாமென்று சொல்லப் போகிறார்?

"ஏனக்கா இப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"மாதாவுக்குக் குடுக்கிறதெண்டா நல்ல சாமானத்தானே குடுக்கோணும்?" என்றாள்.

உப்புக்காற்றில் செம்பு சும்மா கிடக்குமா? கொஞ்ச நாளில் மாதாவின் கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்தது. கோயிலைக் கூட்டித் துடைக்கும் பெரியவர் மாலையைக் கழற்றி அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். கறை கழுவும் வேலை, சொல்லவா வேண்டும், எனக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு வாங்குப் பலகையில் ஏறி நின்று, உப்பும் புளிச்சாறு விடும் பாதித் தேசிக்காயும் கொண்டு மாதாவின் கழுத்தைத் தேய்த்தேன். அக்கா வாங்கைப் பிடித்துக்கொண்டு, "மெல்லத் தேய், பெயின்ற் போகும்" என்று கீழிருந்து அதிகாரம் பண்ணினாள். திட்டுவதற்காகக் குனிந்தேன். அவளுடைய சட்டைக் கழுத்துக்குள்ளே, மாதாவுக்கு இருந்த அதே பச்சை வளையம்.

நான் பார்த்ததை அவள் கண்டுவிட்டாள். சட்டையை இழுத்து மூடினாள்.

"வீட்டுக்குள்ள மட்டுந்தான்டி போடுறது" என்றாள்.

மற்றப் பாதித் தேசிக்காயை அவளிடம் நீட்டினேன்.