அம்மாவுக்கு மட்டும் அனுமதி

எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் பல்செட் அண்ணன். பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாகப் பதித்து, மெருகேற்றி அனுப்புவார். அதை மாட்டிக்கொண்டு சிரிக்கிற முகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டார். மனைவி பிரிந்து போய்ப் பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. சனி, ஞாயிறு யாரிடமும் பேசாமலே கழிந்துவிடும். திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இந்த நாட்டுக்கு அவர் தனியாகத்தான் குடியேறினார்; அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறந்த நாட்டிலேயே இருந்தார்கள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று முறை மாடி இறங்கி ஏற வேண்டும். அம்மா ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை விரித்து அவரை உட்கார வைப்பார். ஒரு நாள் வீடியோ காலில் இதைப் பார்த்த அண்ணன், இரண்டு பேரையும் இங்கே கூட்டிவந்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். ஆள் அவசரக்காரர். வழி இருக்கிறதா என்று விசாரிக்கும் முன்பே தரைத்தளத்தில் இரண்டு அறை வீட்டுக்கு மாறி, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் குடியேற்ற வக்கீலைப் பார்க்கப் போனார்.

வக்கீலம்மாவுக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"அம்மாவுக்குப் பிரச்சினை இல்ல சார். அப்பா மெடிக்கல்ல தேற மாட்டார். டயாலிசிஸ் செலவு அரசாங்கம் தலையில விழும்னு நிறுத்திடுவாங்க."

"அப்ப அம்மாவுக்கு மட்டும் போடலாமா?"

"ரெண்டு பேரையும் ஒரே குடும்பமாத்தான் பாப்பாங்க. ஒருத்தர் தேறலன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

பார்வையாளர் விசாவில் அழைத்து வரலாம்தான். ஆனால் வருகிறவர்களுக்கு அரசு மருத்துவம் கிடையாது, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காப்பீட்டுக்காரனும் கைவிரித்துவிடுவான். அண்ணனே திரும்பிப் போய்விட்டால்? அதிக நாள் வெளியே தங்கினால் அவருடைய குடியிருப்பு அனுமதி போய்விடும், ஓய்வூதியமும் கையைவிட்டுப் போகும். அங்கே இந்த வயதில் வேலைக்கு யார் எடுப்பார்கள்?

அன்று சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நான் போய்ச் சேர்ந்தா உங்கம்மாவுக்கு விசா. வக்கீல் சொல்றது அதானே?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "போனைக் குடுங்க இப்படி! இந்த மனுஷனுக்கு எதுல விளையாடறதுன்னு விவஸ்தையே இல்ல."

அண்ணனும் சிரித்துவிட்டார். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த வருட விடுமுறையை முழுசாக அப்பாவோடு கழித்தார். அப்பா இளைத்துப் போனதில் ஈறும் சுருங்கி, பல்செட் லொடலொடவென்று ஆடியது. பேசும்போதே கழன்று விழும். அம்மா சமையல் மேடையை ஒதுக்கிக் கொடுக்க, அண்ணன் அப்பாவின் வாயில் அச்செடுத்து, செட்டின் உள்பக்கத்துக்குப் புதுப் பூச்சுக் கொடுத்துத் தேய்த்துச் சரிசெய்தார். அப்பா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய்ப் பல்லை இளித்தார்.

"இப்பத்தான்டா இது என் வாய் மாதிரி இருக்கு. இவ்வளவு நாளா எவன் வாயையோ இரவல் வாங்கி வச்ச மாதிரி இருந்துச்சு."

அண்ணன் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். டயாலிசிஸ் கட்டிலிலேயே, தூக்கத்தில். அண்ணன் ஊரில் போய் இறங்கியபோது, துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். மீதிப் பேரும் போனபின், அப்பாவின் சட்டைகளை அம்மா மடித்துக்கொண்டிருக்கையில் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"இப்ப உனக்குக் கிடைச்சிடும்மா. வக்கீலம்மாகிட்ட பேசிட்டேன்."

அம்மா அந்தச் சட்டையை மடித்து முடித்தார். "இப்பன்னா? அவர் இல்லாததாலயா?"

"சட்டம் அப்படிம்மா."

"அவர்தான் குறுக்க நின்னாருன்னு சட்டம் வேணா சொல்லட்டும். நீ சொல்லாத."

அண்ணனும் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். சில மாதம் கழித்து அம்மாவே போனில், "சரி, எழுதிப் போடு. நீ ஒண்டியாக் கிடக்கிற" என்றார். விண்ணப்பம் வரிசையில் நின்றது. முறை வரும்வரைக்கும் பார்வையாளராக வந்து இருந்து பார்க்கட்டும் என்று அண்ணன் டிக்கெட் எடுத்தார்.

அம்மா வந்த புதிதில் நாங்களும் எட்டிப் பார்த்தோம். பிறகு அவரவர் வேலை. அண்ணன் காலையில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். ஒரு நாள் கதவைத் திறந்தால் வீடே இருட்டு. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு போட்டுக்கக் கூடாதாம்மா?"

"யாரைப் பாக்கறதுக்கு?"

முழங்கையில் நீலம் பாரித்திருந்ததை அண்ணன் விளக்கு வெளிச்சத்தில்தான் பார்த்தார். துருவிக் கேட்டபின் வந்தது விஷயம். மத்தியானம் தலைசுற்றி விழுந்திருக்கிறார்.

"எனக்கு ஏம்மா போன் பண்ணல?"

"நீ வேலைய விட்டுட்டு ஓடி வருவ. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. இங்க நமக்கு எந்த ஆஸ்பத்திரிடா? அங்கன்னா எதிர்வீட்டு நர்ஸு கூப்பிடாமலே வந்து பிரஷர் பாப்பா. வேண்டாம்னாலும் விட மாட்டா."

"இன்னும் கொஞ்ச நாள்தான். அனுமதி வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"ஆஸ்பத்திரி சரியாயிடும்." அம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நான் வந்தா உனக்குத் துணையா இருக்கும்னு நெனச்சுத்தான்டா வந்தேன். இப்பப் பாரு, பகலெல்லாம் நீ அங்க தனியா, நான் இங்க தனியா. ஒருத்தர் இருந்த இடத்துல ரெண்டு பேர் ஆயிட்டோம், அவ்வளவுதான். என்னை அனுப்பிடு. ரிட்டயர் ஆனதும் நீ வா. அதுவரைக்கும் நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"அதுக்கு என்னம்மா கேரண்டி?"

"உங்கப்பா மட்டும் கேரண்டி கார்டு குடுத்துட்டா போனாரு?"

இருவரும் சிரித்தார்கள். அம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசா முடியும் முன்பே அம்மா கிளம்பிவிட்டார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ள வந்த பெண்ணிடம், அவளுக்குப் புரியாத தமிழில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே உள்ளே போனார். அடுத்த வாரம் வக்கீலம்மாவைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடச் சொன்னார் அண்ணன்.

"இடத்தை விட்டா மறுபடி கடைசிலேருந்துதான் நிக்கணும் சார். யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு மேடம்."

ஓய்வு பெற இன்னும் சில வருடம் பாக்கி. இரண்டாவது அறையின் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். வாடகைக்கு விடலாமே என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டார். எதிர்வீட்டு நர்ஸ் எடுத்தார். அண்ணன் அவரோடு அதுவரை பேசியதே இல்லை.

"அம்மா இப்பதான் அசந்து தூங்கறாங்க தம்பி. பிரஷர் நல்லாருக்கு. எழுப்பட்டுமா?"

"வேணாம்க்கா, தூங்கட்டும்."

வைத்துவிடலாம்தான். அண்ணனுக்கு மனசு வரவில்லை. அன்று அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

"இனிமேதான்" என்றார் நர்ஸ். "நீங்க?"